கண்ணுக்குள் வைக்கும் ஐ.சி.எல். லென்ஸ்: பொருள் நல்லது, விற்கும் விதம்தான் சரியில்லை

அமெரிக்காவின் ஸ்டார் சர்ஜிக்கல் நிறுவனம் தயாரிக்கும் 'ஈவோ ஐ.சி.எல்.' கிட்டப்பார்வைக்காகக் கண்ணுக்குள்ளேயே பொருத்தப்படும் லென்ஸ். கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். கண்புரையில் மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை லென்ஸை வைப்பார்கள். இதில் இயற்கை லென்ஸைத் தொடுவதில்லை. அதற்கு முன்னால், கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ் படலத்துக்குப் பின்னால், உள்ள சிறு இடைவெளியில் இன்னொரு மெல்லிய லென்ஸைச் செருகுகிறார்கள். கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல இருக்கும் படலம்தான் கார்னியா. எனக்கு வலக்கண்ணில் மைனஸ் 11, இடக்கண்ணில் மைனஸ் 10-உடன் ஒன்றரை சிலிண்டர் பவர் (கார்னியா எல்லாத் திசையிலும் ஒரே சீராக வளையாததால் வரும் பார்வைக் குறை) இருந்தது. இரண்டு கண்களிலும் இந்த லென்ஸை வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் ஆனபின் இதை எழுதுகிறேன். லென்ஸைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. அதை விற்கும் இடங்களில் சொல்லப்படுவனவற்றையும் சொல்லாமல் விடப்படுவனவற்றையும் பற்றி நிறையவே உண்டு.

பவர் அதிகமுள்ள எல்லோரையும் போல நானும் முதலில் லேசர் சிகிச்சையைத்தான் விசாரித்தேன். லேசிக், ஸ்மைல் இரண்டுமே கார்னியாவிலிருந்து கொஞ்சம் திசுவை நீக்கி அதன் வளைவைத் தட்டையாக்கும் முறைகள். 6 மி.மீ. அகல வட்டத்தில் ஒரு டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு; மைனஸ் 1 என்பது ஒரு டயாப்டர்) பவரைக் குறைக்க ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) திசு போகும். மைனஸ் 10 என்றால் 120 முதல் 150 மைக்ரான் வரை. கார்னியாவின் சராசரித் தடிமனே 540 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். லேசிக்கில் மேலே திறந்து மூடும் அடுக்குக்கு 100, 110 மைக்ரான் போய்விட, அடியில் குறைந்தது 250, கவனமான மருத்துவர்களின் கணக்கில் 300 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் மெலிந்த கார்னியா நாளடைவில் முன்னோக்கிப் பிதுங்கி, கண்ணாடியாலும் திருத்த முடியாத பார்வைக் கோணலில் கொண்டுபோய் விடக்கூடும். என் கார்னியா 500 மைக்ரானுக்கும் கீழே. கூட்டிக் கழித்துப் பார்க்க மருத்துவரே தேவைப்படவில்லை.

ஐ.சி.எல். கார்னியாவைக் குறைப்பதில்லை, ஓரத்தில் 3 மி.மீ. அளவுக்கு ஒரு கீறல் போடுவதோடு சரி, தையலும் இல்லை. கார்னியாவின் நரம்புகள் பெரும்பாலும் அறுபடாததால் லேசிக்குக்குப் பின் பலரை வாட்டும் கண் வறட்சியும் இதில் குறைவு. கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் வேலையில் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இயற்கை லென்ஸை எடுக்காமலே அதற்கு முன்னால் இன்னொன்றை வைக்கலாம் என்ற எண்ணம் பழையது. ஐரிஸுக்கு முன்னால் லென்ஸ் வைத்துப் பார்க்கும் முயற்சி 1950-களிலேயே தொடங்கி, கார்னியாவின் உள் அடுக்குச் செல்களைச் சேதப்படுத்தியதால் கைவிடப்பட்டது. ஐரிஸுக்குப் பின்னால் வைக்கும் முறையை 1986-இல் மாஸ்கோவில் கண் மருத்துவர் ஃபியோதரோவ் தொடங்கினார். ஸ்டார் நிறுவனத்தின் பழைய மாதிரிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005 டிசம்பரில் அனுமதி தந்தது. அந்த மாதிரியில் ஒரு சங்கடம் இருந்தது. கண்ணுக்குள் ஊறும் நீர் ஐரிஸுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து வடிய வேண்டும். குறுக்கே லென்ஸ் உட்கார்ந்தால் வழி அடைபடும். ஆகவே அறுவைக்கு முன்பே லேசரால் ஐரிஸில் சிறு துளைகள் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஜப்பானைச் சேர்ந்த கண் மருத்துவர் கிமியா ஷிமிசு அந்தத் துளையை ஐரிஸில் போடாமல் லென்ஸின் நடுவிலேயே போட்டுவிடலாம் என்று காட்டினார். இன்று 'ஈவோ' என்ற பெயரில் வருவது நடுவே 0.36 மி.மீ. துளை கொண்ட அந்த வடிவம்தான். ஐரோப்பாவில் 2011 முதலும், அமெரிக்காவில் 2022 மார்ச் முதலும் அது புழக்கத்தில் இருக்கிறது. நீர் லென்ஸின் நடுவழியே ஓடி இயற்கை லென்ஸின் முகப்பை நனைத்துக்கொண்டே இருப்பதால், பழைய மாதிரியில் பயப்பட வைத்த கண்புரைச் சிக்கலும் வெகுவாகக் குறைந்துவிட்டது. என் கணக்கில் இந்தப் பொருளை நம்பி வாங்கத்தக்கதாக ஆக்கியது அந்த ஒரு துளைதான்.

லென்ஸின் பொருளுக்குக் கொலாமர் என்று பெயர்; கொலாஜன் கலந்த மென்மையான பாலிமர், புற ஊதாக் கதிரையும் தடுக்கிறது. உடல் இதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொள்வதில்லை என்று நிறுவனம் சொல்வதை என் கண்களும் மறுக்கவில்லை. உள்ளே ஒன்று இருக்கிறது என்ற உணர்வே கிடையாது; கண்ணாடி முன் நின்று பார்த்தாலும் எதுவும் தெரியாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த லென்ஸ் வாங்கும்போது நாம் உண்மையில் விலை கொடுப்பது அளவெடுப்புக்குத்தான். ஈவோ நான்கே நீளங்களில் வருகிறது: 12.1, 12.6, 13.2, 13.7 மி.மீ. அதன் நான்கு மூலைகளும் ஐரிஸுக்குப் பின்னால் சல்கஸ் என்ற பள்ளத்தில் போய் அமர்கின்றன. நீளம் கூடினால் லென்ஸ் அளவுக்கு மீறி வில்லாக வளைந்து ஐரிஸை முன்னுக்குத் தள்ளும்; நீர் வடியும் கோணம் குறுகிக் கண் அழுத்தம் ஏறலாம். நீளம் குறைந்தால் லென்ஸ் தட்டையாகப் படிந்து இயற்கை லென்ஸை உரசும். அதனால் கண்புரை வரலாம், சிலிண்டர் லென்ஸாக இருந்தால் திரும்பியும் போகலாம். பொருத்திய லென்ஸுக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை வால்ட் என்கிறார்கள். அது 250 முதல் 750 மைக்ரானுக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. ஒரு மில்லிமீட்டரின் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடைப்பட்ட அந்தச் சந்தில்தான் மொத்தச் சிகிச்சையின் வெற்றியும் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், சல்கஸ் பள்ளம் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கார்னியாவின் குறுக்களவை வெள்ளை விழியின் ஓரத்திலிருந்து ஓரம் வரை அளந்து, அதைக் கொண்டு பள்ளத்தின் அகலத்தை ஊகிப்பது வழக்கமான முறை. ஊகம் பெரும்பாலும் பலிக்கும், எப்போதும் அல்ல. நேரடியாக அளக்க வேண்டுமானால் யு.பி.எம். என்ற ஒலியலைச் சோதனை இருக்கிறது. மரத்துப்போன கண்ணைத் திறந்துவைத்து, இமைகளுக்கிடையே சிறு கிண்ணம் போன்ற ஒன்றைப் பொருத்தி, அதில் திரவத்தை நிரப்பி, அதன் வழியே ஒலியலையைச் செலுத்துவார்கள். சுகமான அனுபவமல்ல, ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நான் முதலில் போன மருத்துவமனையில் ஒரே ஒரு கருவியில் வெள்ளைக்கு வெள்ளை அளவு எடுத்து, வலக்கண்ணுக்கு 13.2 என்று எழுதித் தந்தார்கள். யு.பி.எம். எடுப்பீர்களா என்று கேட்டதற்கு, அதெல்லாம் தேவையில்லை, கணினியே கணக்குப் போட்டுவிடும் என்றார் ஆலோசகர். மருத்துவரிடம் பேச நேரம் கேட்டபோது முன்பணம் கட்டியபின் பார்க்கலாம் என்றார்கள். அத்தோடு வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் வெவ்வேறு கருவிகளில் அளந்து, யு.பி.எம்.-உம் எடுத்து, அதே கண்ணுக்கு 12.6 என்றார்கள். அறுவைக்குப் பின் அந்தக் கண்ணில் வால்ட் 500 மைக்ரானை ஒட்டி நின்றது. 13.2 வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் லென்ஸ் எந்தக் கம்பெனி, தள்ளுபடி எவ்வளவு என்று விசாரிப்பவர்கள் நீளத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் மேற்கொண்டு பேச எதுவுமில்லை.

மற்றச் சோதனைகளும் தட்டிக்கழிக்கக் கூடாதவை. கார்னியாவின் உட்புறத்திலிருந்து இயற்கை லென்ஸ் வரையிலான முன் அறையின் ஆழம் அமெரிக்க விதிப்படி 3 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. வேறு நாடுகளில் 2.8 வரை அனுமதிக்கிறார்கள். கார்னியாவின் உள் அடுக்குச் செல்களை எண்ணிப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு சதுர மி.மீ.-க்கு 2,500, 3,000 என்ற அளவில் இருக்கும் அந்தச் செல்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை. பவர் ஓராண்டாவது பெரிதாக மாறாமல் இருந்திருக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுக்கும் முன் அதை நிறுத்திவைக்க வேண்டும். போட்டுக்கொண்டே போய் அளந்தால் கார்னியாவின் வடிவம் பொய் சொல்லும். விழித்திரையை ஓரம் வரை பார்ப்பதும் கட்டாயம். நீண்டு வளர்ந்த மைனஸ் கண்ணில் விழித்திரை ஓரங்களில் நைந்து போயிருப்பது சகஜம். எனக்கும் ஓரிடம் அப்படி இருந்ததால், முதலில் அதைச் சுற்றி லேசர் போட்டு அடைத்துவிட்டு, அது ஆறியபிறகே லென்ஸுக்கு நாள் குறித்தார்கள்.

அறுவையைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. சொட்டு மருந்தால் கண் மரத்துப்போகிறது, கண்பாவை விரிக்கப்படுகிறது, ஒரு கண்ணுக்குக் கால் மணி நேரம் போல ஆகிறது. இடக்கண்ணில் சிலிண்டர் இருந்ததால், படுக்கவைக்கும் முன் நேராக உட்காரவைத்து, விழியின் ஓரத்தில் மையால் அடையாளம் வைத்தார்கள். மல்லாந்து படுக்கும்போது கண் தன் குழியில் லேசாகச் சுழலும் என்பதும், உட்கார்ந்த நிலையில் அடையாளம் வைக்காவிட்டால் சிலிண்டரின் கோணம் பிசகும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. உள்ளே, பளீரென்ற வெளிச்சத்தின் நடுவே சுருட்டிய லென்ஸ் மெல்ல விரிவது நீருக்கடியில் ஏதோ அசைவது மாதிரி மங்கலாகத் தெரிந்தது. பிறகு மூலைகளை ஒவ்வொன்றாக ஐரிஸுக்கு அடியில் தள்ளும்போது வலி இல்லை, ஓர் அழுத்தம் மட்டும். சில மணி நேரம் கழித்துக் கண் அழுத்தம் பார்க்கும்வரை வீட்டுக்கு அனுப்பவில்லை. அறுவையின்போது உள்ளே நிரப்பும் ஜெல் மிச்சமிருந்தால் அழுத்தம் ஏறுவது முதல் நாளில்தான்; ஆகவே அந்தக் காத்திருப்பை மருத்துவமனையின் அலட்சியம் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பார்வையின் தரத்தை எடுத்துக்கொண்டால், சோடாபுட்டிக் கண்ணாடியோடு இதை ஒப்பிடவே முடியாது. மைனஸ் கண்ணாடி எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும். கண்ணிலிருந்து 12 மி.மீ. தள்ளி நிற்கும் மைனஸ் 11 கண்ணாடியில் உருவங்கள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடுகின்றன. லென்ஸ் கண்ணுக்குள்ளேயே போனதும் அந்தச் சுருக்கம் விலகிவிடுகிறது. முதல் வாரம் என் கைகளே பெரிதாகத் தோன்றின. மாடிப்படி இறங்கும்போது படியின் உயரத்தைக் கால் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கண்ணாடியோடு என்னால் ஒருநாளும் படிக்க முடியாத கடைசி வரியைச் சோதனைப் பலகையில் இப்போது படிக்கிறேன். சட்டகத்துக்கு வெளியே கலங்கிக் கிடந்த பக்கப் பார்வையும் கிடைத்தது. வண்டி ஓட்டுபவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இரவு வேறு கதை. தெருவிளக்கையோ எதிரே வரும் வண்டியின் விளக்கையோ பார்த்தால், அதைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி மெல்லிய ஒளி வளையம் ஒன்று எழுகிறது. நடுத்துளையின் விளிம்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது இது. இருட்டில் கண்பாவை லென்ஸின் பவர் பகுதியை விட அகலமாக விரியும் இளவயதினருக்கு ஒளிச்சிதறலும் சேர்ந்துகொள்ளலாம். முதல் சில மாதங்கள் நெடுஞ்சாலையில், 'ஹை பீம்' போட்டபடியே எதிரே வரும் லாரிகளின் நடுவில், இரவில் வண்டி ஓட்டுவதைத் தவிர்த்தேன். இப்போதும் வளையம் இருக்கிறது. தேடினால் தெரியும், தேடாவிட்டால் மூளை அதைக் கண்டுகொள்வதில்லை. இரவில் ஓட்டுவதே பிழைப்பாக உள்ளவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. ஆலோசகர் தாமாகச் சொல்ல மாட்டார்.

வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்பதுதான் விற்பனையில் முதல் வாசகம். எடுக்க முடியும் என்பது உண்மைதான். லேசரால் போன திசு திரும்பாது, இந்த லென்ஸை வெளியே எடுக்கலாம். ஆனால் எடுப்பதும் கண்ணைத் திறந்து செய்யும் இன்னோர் அறுவை. அந்த உள் அடுக்குச் செல்கள் இன்னொரு முறை செலவாகும், செலுத்திய பணம் திரும்பாது. உடுப்பு மாற்றுவது போல இதைச் சொல்வது நேர்மையல்ல. அதே போல, கிட்டப்பார்வை போய்விட்டது என்று சொல்வதும் தவறு. கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. நீண்ட கண்ணுக்குரிய விழித்திரைக் கிழிசல், கண் அழுத்த நோய் ஆகியவற்றின் அபாயமும் அப்படியேதான். திடீரென்று மின்னல் மாதிரி ஒளி வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, கண்ணாடி போட்டிருந்த காலத்தில் எவ்வளவு வேகமாக ஓடுவீர்களோ அதே வேகத்தில் ஓட வேண்டும்.

முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று. மைனஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு அருகே படிக்கும்போது கண் குவிய வேண்டிய உழைப்பு இயல்பாகவே குறைவு. லென்ஸ் உள்ளே போய்விட்டால் அந்தச் சலுகை ரத்தாகிவிடும். வெள்ளெழுத்து கொஞ்சம் முன்கூட்டியே வந்ததாகத் தோன்றும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் மைனஸ்காரர்களின் சொத்து. மைனஸ் 11 கண்ணுக்கு 9 செ.மீ. தூரத்தில் உலகம் பூதக்கண்ணாடி வைத்தது போலத் துல்லியமாகத் தெரியும். அதை நான் இழந்துவிட்டேன், அவ்வப்போது அந்த ஏக்கமும் வருகிறது. அமெரிக்காவில் 2022-இல் அனுமதி தந்தபோது இந்த லென்ஸுக்கு வைத்த வயது வரம்பு 21 முதல் 45 வரை. நாற்பதை நெருங்குபவர்கள், படிக்கத் தனியாக ஒரு கண்ணாடி வரும் என்பதை ஏற்றுக்கொண்டபின் முடிவெடுக்கலாம்.

விலை சாதாரணமல்ல. சென்னையில் நான் விசாரித்த இடங்களில் ஒரு கண்ணுக்கு ஒரு லட்சம் ரூபாயை ஒட்டிச் சொன்னார்கள். சிலிண்டர் லென்ஸ் என்றால் அதற்கும் மேல். சொல்லும் தொகையில் சோதனைகள், மருந்து, அறுவைக்குப் பிந்தைய வருகைகள், நீளம் பிசகி லென்ஸை மாற்ற நேர்ந்தால் அதன் செலவு ஆகியவை அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மருத்துவக் காப்பீடு இதற்குக் கிடைக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொது விலக்கு 7.5 டயாப்டருக்குக் குறைந்த பார்வைக் குறைபாட்டுக்கான சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு மேற்பட்ட பவருக்குப் பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும் மற்ற நிபந்தனைகளையும் பார்த்து உரிமை கோர வழியிருக்கிறது. என் கோரிக்கை முதலில் 'அழகுக்காகச் செய்த சிகிச்சை' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. பவர் எழுதிய பழைய சீட்டுகள், லேசர் செய்ய இயலாது என்ற மருத்துவரின் கடிதம், கார்னியாத் தடிமன் அறிக்கை ஆகியவற்றோடு அந்த விலக்கு விதியையும் குறிப்பிட்டு மீண்டும் எழுதியபின் ஒரு பகுதி கிடைத்தது.

விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு வதோதராவில் தயாராகும் ஐ.பி.சி.எல். இருக்கிறது. அக்ரிலிக் பொருளால் ஆனது, விலை கணிசமாகக் குறைவு, நீளங்களும் இன்னும் நெருக்கமான இடைவெளிகளில் கிடைக்கின்றன. அளவு இவ்வளவு முக்கியமான ஒரு பொருளில் இது நிஜமான அனுகூலம். என்றாலும் உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேல் விற்று, நீண்ட காலத் தரவுகளோடு நிற்கும் பொருள் ஈவோதான் என்பதால் நான் அதன் பக்கம் சாய்ந்தேன். நல்ல அளவெடுப்போடு வைக்கும் ஐ.பி.சி.எல்., அரைகுறை அளவெடுப்போடு வைக்கும் ஈவோவை விட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மைனஸ் 8-க்கு மேல் பவர், அல்லது மெலிந்த கார்னியா, ஆரோக்கியமான விழித்திரை, இருபதுகளிலோ முப்பதுகளின் தொடக்கத்திலோ வயது என்று இருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மைனஸ் 4, 5 என்ற அளவில் தடித்த கார்னியாவோடு இருப்பவர்களுக்கு இந்தச் செலவும், கண்ணுக்குள் கத்தி போகும் அபாயமும் எதற்கு என்றே கேட்பேன். கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது, அடுத்த மாதத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று பெற்றோர் அழைத்து வருவதை இரண்டு காத்திருப்புக் கூடங்களிலும் பார்த்தேன். அந்த அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது சோதனைகள்தான்.

லென்ஸ் வைத்தபின் ஓர் அட்டை தருவார்கள். அதில் லென்ஸின் பவர், நீளம், வரிசை எண் எல்லாம் ஒட்டியிருக்கும். அந்தப் பவர் உங்கள் பழைய கண்ணாடிப் பவரோடு பொருந்தாது. லென்ஸ் இருக்கும் இடம் வேறு என்பதால் கணக்கும் வேறு, பயப்பட வேண்டாம். வால்ட் அளவு அச்சான ஸ்கேன் படத்தையும் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கேட்டபிறகுதான் தந்தார்கள். ஆண்டுக்கொரு முறை கண் அழுத்தம், வால்ட், செல் எண்ணிக்கை, விழித்திரை நான்கையும் பார்க்க வேண்டும், அதற்கான கட்டணம் ஆயுளுக்கும் உண்டு. முதுமையில் கண்புரை வரும்போது இந்த லென்ஸை முதலில் எடுத்துவிட்டுத்தான் அந்த அறுவையைச் செய்வார்கள். அன்றைக்கு இருக்கப்போகும் மருத்துவர் வேறொருவராக இருப்பார், ஆகவே அறுவைக்கு முந்தைய பவர், கண்ணின் நீளம், கார்னியா அளவுகள் அடங்கிய முழுக் கோப்பையும் மருத்துவமனையின் கணினியை நம்பி விட்டுவிடாமல், வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.